விடுமுறை இசை முகாம்: காசு கட்டுமுன் நேரசூசியைக் கேளுங்கள்

மட்டக்களப்பில் ஆகஸ்ட் விடுமுறைக்கு நடந்த பத்து நாள் இசை முகாம் ஒன்றில் பெற்றோர் ஏமாந்த விதம் இது. கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கட்டணம் 38,000 ரூபா, தங்குமிடத்துக்குத் தனியாக 15,000. நடத்தியவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. டிசம்பர் விடுமுறைக்கு வேறு பெயரில் வந்தாலும் வேலை செய்யும் முறை இதுவாகத்தான் இருக்கும்.

சுவரொட்டியில் பாதி இடத்தைச் சென்னை வித்துவான் ஒருவரின் படம் பிடித்திருந்தது. “அவரின் வழிகாட்டலில்” என்று போட்டிருந்தார்கள். மட்டக்களப்புக்கு வருவார் என்று ஓரிடத்திலும் இல்லை, ஆகவே பொய் என்று சொல்லவும் வழியில்லை. நாலாம் நாள் சூமில் 40 நிமிடம் தோன்றினார். சூமின் இரைச்சல் நீக்கும் வசதியை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. விடாமல் ஒலிக்கும் தம்புராவை அது மின்விசிறிச் சத்தம் மாதிரி எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். அவருக்குச் சுருதி கேட்கவில்லை, பிள்ளைகளுக்கு அவர் குரல் பிந்தி வந்தது. சேர்ந்து பாடவும் முடியாது, கூடத் தாளம் போடவும் முடியாது. கடைசியில் எல்லாரும் கையசைத்துப் படம் எடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

“60 மணி நேரப் பயிற்சி” என்றார்களே, அந்தக் கணக்கைப் பாருங்கள். முதல் நாள் காலை மங்கல விளக்கு, பொன்னாடை, பேச்சு என்று போனது. கடைசி இரண்டு நாளும் அரங்கேற்ற ஒத்திகையும் கச்சேரியும். மிஞ்சியது ஏழரை நாள். ஒன்பது மணி வகுப்பு 9.40க்குத் தொடங்கும், தேநீருக்கு அரை மணி, சாப்பாட்டுக்கு ஒன்றேகால் மணி, யாராவது ஒருவரின் சிறப்புரை ஒரு மணி. மூன்றரைக்கு முடிகிற நாளில் மூன்று மணி நேரம்தான் பாட்டு. மொத்தமாக 23 மணி நேரம்கூட வராது. அதுவும் 60க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று ஆசிரியர். 38,000 ரூபாவை 23ஆல் பிரித்தால் மணிக்கு 1,650 ரூபா. அந்தக் காசுக்குப் பிள்ளையின் சொந்த ஆசிரியரிடம் எத்தனை தனி வகுப்பு எடுக்கலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு போனதைக்கூடப் பொறுக்கலாம், குரலைக் கெடுத்து அனுப்பியதைப் பொறுக்க முடியாது. மண்டபத்துக்கே ஒரு சுருதிப் பெட்டி. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை எல்லாரும் மூன்று கட்டையில் பாட வேண்டும். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. குரல் உடைந்து முடிந்த பையனுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டைதான் இயல்பு. பெண்பிள்ளைகளுக்கு ஐந்து, ஐந்தரை. மூன்று கட்டை என்பது இருவருக்கும் நடுவில் பிடித்த சமரசம். அதாவது இருவருக்கும் பிழை. பையன் நான்கு அரைச்சுரம் மேலே ஏற வேண்டும், பெண்பிள்ளை மூன்று அரைச்சுரம் கீழே இறங்க வேண்டும். மோகன ராகத்தில் மந்தர பஞ்சமம் என்ற கீழ்ச் சுரம் வரும் இடத்தில் பெண்பிள்ளைகளுக்கு வாய் அசைந்தது, மூச்சுத்தான் வெளியே வந்தது. தார காந்தாரம் என்ற மேல் சுரத்தில் பையன்கள் நாடியைத் தூக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். “இன்னும் திறந்து பாடுங்க” என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த திருத்தம்.

இதில் மோசமாக அடிபடுவது மகரக்கட்டில், அதாவது குரல் உடையும் பருவத்தில், இருக்கும் பையன்கள். பன்னிரண்டிலிருந்து பதினைந்து, பதினாறு வயதுக்குள் குரல்வளை வளர்ந்து, குரல்நாண் நீண்டு தடிப்பதால் குரல் ஒரு தாயிக்கு (ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வரையான தூரத்துக்கு) கிட்டக் கீழே இறங்கும். அந்த மாதங்களில் வசதியான நடுப்பகுதியில் மட்டும், இருபது நிமிடம் பாடி ஓய வேண்டும். தாளம், சுரம் எழுதுதல், கேள்வி ஞானம் என்று மற்ற வேலையைக் கூட்டலாம். நல்ல ஆசிரியர் பிள்ளையைப் பார்த்ததும் முதலில் கேட்பது “எந்தக் கட்டையில பாடுறீங்க?” என்பதுதான். அதைக் கேட்காத முகாமுக்கு மகரக்கட்டுப் பையனை அனுப்பவே வேண்டாம்.

வாத்தியக்காரப் பிள்ளைகளின் பாடும் இதே சுருதியால்தான் கெட்டது. ஐந்து கட்டைக்குப் பிடித்த மிருதங்கத்தை மூன்றுக்கு இறக்க முடியாது. அதற்கு நீளம் கூடிய வேறு மிருதங்கம் வேண்டும். ஆகவே மிருதங்கப் பிள்ளைகள் பத்து நாளும் சுருதி சேராமலே வாசித்தார்கள். ஒன்றரைக் கட்டையில் வைத்துப் பழகும் வயலினை ஒரே காலையில் மூன்றுக்கு முறுக்கினால் தந்தி இரண்டு மூன்று நாளைக்கு நிலையாக நிற்காது, தந்தியைத் தாங்கும் குதிரை விரல்பலகைப் பக்கம் சாயும். சாய்ந்த குதிரையை நிமிர்த்திவிட அங்கே ஒருவரும் இல்லை. வீணை கொண்டு போனவர்களுக்குக் கச்சான் என்ற வெப்பக் காற்றும் சேர்ந்து வேலை காட்டியது. வீணையில் சுர இடங்களைக் காட்டும் 24 மெட்டும் மெழுகில்தான் நிற்கின்றன. பூட்டிய வானுக்குள் மத்தியானம் வைத்தால் மெழுகு இளகி மெட்டு நகரும். பிறகு எந்தச் சுரமும் தன் இடத்தில் இருக்காது, மெட்டுகளை மறுபடி பதித்து மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேட வேண்டும். வாத்தியங்களை வைக்கப் பூட்டுள்ள, நிழலான அறை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

“வெளிநாட்டுக் கோடை முகாம் முறையில்” என்றும் விளம்பரத்தில் இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் 1928இல் தொடங்கிய இன்டர்லொக்கன் மாதிரி இடங்களைத்தான் சொல்கிறார்களாக்கும். அங்கே உயர்நிலைப் பிள்ளை விண்ணப்பிக்கும்போதே வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும், தரம் பார்த்துத்தான் பிரிப்பார்கள். இங்கே பதிவுப் படிவத்தில் கேட்டது ரீசேர்ட் அளவு மட்டும். வட இலங்கை சங்கீத சபையின் ஐந்தாம் தரம் முடித்து ஆசிரியர் தரத்துக்கு ஆயத்தமாகும் பிள்ளையும் ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பயிற்சியில் நிற்கும் பிள்ளையும் ஒரே பாயில். 14 அட்சரம் கொண்ட அட தாள வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடக்கூடிய பிள்ளை, ஏழு நாள் தொடக்கநிலைப் பாடமான கீதம் பாடினாள்.

சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. “அரச பதிவு பெற்றது” என்று அச்சடித்திருந்தது பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு. பெட்டிக்கடைக்கும் அதேதான் கிடைக்கும். கல்லடி சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ யாழ்ப்பாணம் இராமநாதன் நுண்கலைக்கோ போக நினைக்கும் பிள்ளைக்கு உயர்தரப் பெறுபேறுதான் அடிப்படை. இந்தத் தாளைக் காட்டி ஒரு கதவும் திறக்காது. மேலைத்தேய இசைப் பிள்ளைகளிடம் “பத்து நாளில் கிரேட் 6க்குத் தயார்” என்றும் காசு வாங்கினார்கள். பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபையான ஏபிஆர்எஸ்எம்மில் கிரேட் 6 வாத்தியப் பரீட்சைக்குத் தோற்ற, முதலில் கிரேட் 5 தியறியோ அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் பரீட்சையோ தேறியிருக்க வேண்டும். அதைப் படிவத்தில் கேட்கவே இல்லை.

ஒரு தாய் பதிவு மேசையில் கேட்டது:

“சேர், மகளுக்கு ஆர் படிப்பிக்கிறது? எத்தினை பேருக்கு ஒரு ஆள்?”

“அதெல்லாம் வந்தாப் பாப்பம் அக்கா. இடம் முடியப்போகுது, இண்டைக்கே கட்டிருங்க.”

அந்த இடத்திலேயே எழும்பி வந்திருக்க வேண்டும். காசு கட்டுமுன் நாள்வாரி நேரசூசியை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு மணிக்கும் எதிரே ஆசிரியர் பெயர் இருக்க வேண்டும். பெயர் உள்ள ஆசிரியரை நேரே அழைத்து, எந்த நாட்களில், மண்டபத்துக்கே வருகிறாரா என்று கேளுங்கள். படம் போட்டது தெரியாத வித்துவான்களும் உண்டு. குரலிசையில் ஒரு குழுவுக்கு எட்டுப் பத்துப் பேர், வாத்தியத்தில் ஐந்து ஆறு பேர் என்பதற்கு மேல் போனால் ஆசிரியரால் கையையும் வாயையும் பார்க்க முடியாது. பிள்ளையின் மூன்று நிமிட ஒலிப்பதிவு ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பி, எந்தக் குழுவில் போடுவீர்கள் என்று கேட்டால் பாதி உண்மை அப்போதே வெளிவரும். மூன்று நிமிடம் ஆகுமுன்னரே “முதுநிலை” என்று பதில் வந்தால் ஒலிப்பதிவைத் திறந்தே பார்க்கவில்லை. இவ்வளவுக்கும் முன்னர் பிள்ளையின் சொந்த ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவருக்குத் தெரியாமல் அனுப்பினால் திரும்பி வந்து எதைத் திருத்துவதென்று அவருக்கும் விளங்காது.

தங்குகிற முகாம் என்றால் இரவில் பொறுப்பாக இருக்கும் பெண்ணின் பெயர், போன் இலக்கம், அறைக்கு எத்தனை பேர் என்பது எழுத்தில் வேண்டும். தனி வகுப்பு கதவு பூட்டிய அறையில் நடக்கக்கூடாது. பிழையாக ஏதும் பட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

“அடுத்த வருசம் சென்னை முகாம், டிப்ளோமாவோடு, ஈ-விசா நாங்களே எடுத்துத் தருவம்” என்று முகாம் முடிவில் ஒரு தாள் கொடுத்தார்கள். இந்தியாவின் சுற்றுலா ஈ-விசாவில் குறுகிய கால இசை வகுப்புக்குப் போகலாம், ஆனால் தகுதிச் சான்றிதழோ டிப்ளோமாவோ தரும் பாடநெறிக்கு அது செல்லாது. அவர்கள் சொன்னது சுற்றுலா ஈ-விசா என்றால், விசா, டிப்ளோமா இரண்டில் ஒன்று பொய்.

காசைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு நடந்தது இது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம், மத்தியஸ்த சபைக்கும் போகலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது பற்றுச்சீட்டு. மேசையில் அவசரத்தில் வாங்கி மடித்து வைத்த சீட்டை விரித்துப் பார்த்தால், “முகாம் கட்டணம்” என்று இருக்க வேண்டிய இடத்தில் “நன்கொடை” என்று எழுதியிருந்தது. சேவைக்குக் கொடுத்த காசு என்று காட்ட, சுவரொட்டியின் படமும் வட்ஸ்அப்பில் கட்டணம் கேட்டு வந்த செய்தியும் வைத்திருந்தவர்களால் மட்டும்தான் முடிந்தது. காசைக் கையில் கொடுக்காமல் வங்கியில் போடுங்கள், குறிப்பில் பிள்ளையின் பெயரோடு “முகாம் கட்டணம்” என்று எழுதுங்கள். சீட்டை மேசையிலேயே விரித்து வாசித்துவிட்டு எழும்புங்கள்.