எம்டிஎன் வெப் டாக்ஸ்: வெப் வேலை பார்க்கிறவங்க முதல்ல திறக்க வேண்டிய சைட்

வெப் டிசைன், டெவலப்மென்ட் பண்றவங்க எதை நம்பிப் படிக்கிறதுன்னு யாரு கேட்டாலும் நான் யோசிக்காம சொல்றது எம்டிஎன் (MDN) தான், வெப் கோடிங்குக்கான விளக்கக் குறிப்புகள், அதாவது டாக்ஸ், இருக்கிற சைட். ஃபயர்பாக்ஸ் பிரவுசர் பண்ற மொசில்லா 2005ல ஆரம்பிச்சது, இன்னிக்கும் டாக்ஸ் மொத்தத்தையும் ஃப்ரீயா படிக்கலாம். ஹெச்டிஎம்எல் டேக், சிஎஸ்எஸ் ப்ராப்பர்ட்டி, ஜாவாஸ்கிரிப்ட் மெத்தட் எதை எடுத்தாலும் அதுக்குன்னு ஒரு பக்கம், உதாரணத்தோட, கடைசில எந்த பிரவுசர் எந்த வெர்ஷன்லேர்ந்து சப்போர்ட் பண்ணுதுன்னு ஒரு டேபிள்.

அந்த டேபிள் வரைக்கும் நிறைய பேரு ஸ்க்ரோல் பண்றதே இல்ல, எனக்கு அதுதான் வருத்தம். தமிழ்ல சைட் பண்றவங்களுக்கு வர்ற ஒரு விஷயத்தையே எடுத்துக்கோங்க. ஃபார்ம்ல பேரு இத்தனை எழுத்துக்குள்ள இருக்கணும்னு வைக்கிறோம், ஜாவாஸ்கிரிப்ட்ல 'தமிழ்'ங்கிறதுக்கு லெங்த் பார்த்தா 5 வரும், ஏன்னா த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு ஒவ்வொண்ணையும் தனியா எண்ணுது. நமக்கு அது 3 எழுத்து. இதைச் சரியா எண்ண இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter)னு ஒண்ணு ஜாவாஸ்கிரிப்ட்லயே இருக்கு, வேற யாரோ எழுதி வச்ச கோட் தொகுப்பு, அதாவது லைப்ரரி, எதுவும் தனியா போடத் தேவையில்ல. ஆனா எம்டிஎன் டேபிளைப் பார்த்தா தான் தெரியும், குரோம்ல 2020லயே வந்துடுச்சு, ஃபயர்பாக்ஸ்ல 2024 ஏப்ரல்ல 125வது வெர்ஷன்ல தான் வந்துச்சு, அப்போ பழைய ஃபயர்பாக்ஸ்ல வர்றவங்களுக்கு மாற்று வழி ஒண்ணு எழுதி வைக்கணும்.

இப்போ பக்கத்தோட மேலயே பேஸ்லைன்னு ஒரு பட்டை காட்டுறாங்க, 2023ல வந்தது. குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சஃபாரி எல்லாத்துலயும் வந்துட்டா புதுசா கிடைக்குதுன்னு போடுவாங்க, அதுக்கப்புறம் 30 மாசம் கழிச்சு பரவலா கிடைக்குதுன்னு பச்சை கலருக்கு மாறும். அவசரத்துக்கு ரொம்ப உதவும். ஆனா பச்சை கலரைப் பார்த்துட்டு கண்ணை மூடிட்டு போட்டுடாதீங்க, பார்வை இல்லாதவங்களுக்கு படிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர்ல அது ஒழுங்கா வேலை செய்யுதாங்கிறதை பேஸ்லைன் கணக்குல எடுக்கிறதில்ல, உங்க சைட்டுக்கு பழைய போன்ல வர்றவங்க எவ்வளவு பேருன்னும் அதுக்குத் தெரியாது, அதை உங்க சைட்டுக்கு யார் யார் வர்றாங்கன்னு காட்டுற அனலிட்டிக்ஸ்ல தான் பார்க்கணும்.

2020 ஆகஸ்ட்ல மொசில்லா சுமார் 250 பேரை வேலையை விட்டு அனுப்பினப்போ எம்டிஎன் டீமும் அடி வாங்கிச்சு, இது என்ன ஆகுமோன்னு உலகம் பூரா டெவலப்பர்ஸ் பதறிட்டாங்க. அந்த வருஷக் கடைசிலயே கட்டுரை எல்லாத்தையும், பல பேர் சேர்ந்து கோட் திருத்துற கிட்ஹப் சைட்டுக்கு மாத்தினாங்க, 2021ல ஓப்பன் வெப் டாக்ஸ்னு ஒரு அமைப்பு வந்து சம்பளம் கொடுத்து எழுத ஆள் வச்சுது. பொதுச்சொத்து மாதிரி இதைக் காப்பாத்திட்டாங்க, அந்த நன்றி எனக்கு நிறைய இருக்கு.

குறைன்னா, ரெஃபரன்ஸ் பக்கங்கள் புதுசா கத்துக்கிறவங்களுக்கு கனமா இருக்கும். பக்கத்துல பெட்டிகளை வரிசையா அடுக்குற ஃப்ளெக்ஸ்பாக்ஸ் மாதிரி படம் பார்த்து புரிஞ்சுக்க வேண்டியதுக்கு சிஎஸ்எஸ் ட்ரிக்ஸ்ங்கிற சைட்ல இருக்கிற கைடை முதல்ல படிச்சுட்டு இங்க வாங்க. புது விஷயம் என்ன வந்துருக்குன்னு நியூஸ் மாதிரி தெரியணும்னா சஃபாரிக்குப் பின்னாடி இருக்கிற வெப்கிட்டோட ப்ளாக், குரோம் டெவலப்பர் ப்ளாக் ரெண்டையும் ஃபாலோ பண்ணுங்க, விவரத்துக்கு எம்டிஎன். ஜப்பானிய மொழி, கொரியன், பிரெஞ்சுல எல்லாம் இருக்கு, தமிழ்ல இல்ல, இது பெரிய குறை தான்.

இன்னொண்ணு, 2010 ஆகஸ்ட் 20க்கு அப்புறம் சேர்த்த கோட் உதாரணங்களை கிளையன்ட் வேலைல அப்படியே எடுத்துப் போட்டுக்கலாம், லைசென்ஸ் பிரச்சனை இல்ல. ஏதாவது தப்பா இருந்தா பக்கத்துக்குக் கீழயே கிட்ஹப் லிங்க் இருக்கு, திருத்தி அனுப்புங்க, ரிவ்யூ பண்ணி சேர்த்துப்பாங்க.