மாட்டுக்கு அல்பெண்டசோல் பூச்சி மருந்து: பல வருசம் கொடுத்துப் பார்த்ததில்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிரீசியன் கலப்பு மாடு வளர்க்கிறோம். குடல் புழுவுக்குப் பல வருசமாக அல்பெண்டசோல்தான். மருந்தில் குறை சொல்ல மாட்டேன். மயிர் சிலிர்த்து, சாணி இளகி, பாலும் குறைந்துபோன மாடு மருந்து உள்ளே போன கொஞ்ச நாளில் தீனியை இழுத்துத் தின்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பிரச்சினை அளவில்தான். இங்கே லயத்துக்கு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) கண்மதிப்பில் ஊற்றுகிறார்கள், ஒரே போத்தலை இரண்டு மூன்று மாட்டுக்குப் பங்கு வைக்கிறவர்களும் உண்டு, அதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். அரைகுறை அளவில் சாகாமல் தப்பிய புழுதான் முட்டையிட்டுப் பெருகும், பிறகு அந்த மருந்தே கேட்காது. உருளைப்புழுவுக்கு மாட்டின் எடையில் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம். தராசு வேண்டாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வந்துவிடும். சுற்றளவு 64, நீளம் 56 என்றால் 350 கிலோ அளவில் நிற்கும். அதற்கு 10 சதவீத மருந்தில் 26 மில்லிலீட்டர், 2.5 சதவீத மருந்தில் 105. அதனால் போத்தலில் சதவீதத்தைப் பார்க்காமல் ஊற்றவே கூடாது.

சினைப்பட்ட முதல் ஒன்றரை மாதம் இதைக் கொடுக்காதீர்கள், கன்று ஊனமாகலாம். கறவை மாடென்றால் மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது என்று மாட்டு டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலையை ரொம்பத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும்.

அப்புறம் புல். சாணியில் விழுந்த முட்டை பொரித்து, புழுக்குஞ்சு ஈரத்தோடு புல் நுனிக்கு ஏறும். நம்ம மலையில் மழைக்கும் பனிக்கும் பஞ்சமா? காலைப் பனியோடு அறுக்காமல் வெயில் ஏறினதும் அறுக்கிறோம், அடியை ஒட்டி அறுப்பதில்லை. ஆற்றோரப் புல்லை முடிந்தவரை தொடுவதில்லை, அங்கே நத்தை வழியாக ஈரல் புழு வரும். அதற்கு 7.5 போதாது, 10 மில்லிகிராம் வேண்டும், அதுவும் வளர்ந்த ஈரல் புழுவைத்தான் கொல்லும்.

கன்றுக்குக் கணக்கு வேறு. பெரிய உருளைப்புழு தாய்ப்பால் வழியாகவே இறங்குகிறது. வயிறு பானையாக உப்பி, சாணி நாறும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், பிறந்து 10 முதல் 16 நாளுக்குள் டொக்டரிடம் கேட்டு அதற்குரிய மருந்தைக் கொடுத்துவிடுங்கள்.