ஹடூப்பில் பைத்தான் எழுத: ஸ்ட்ரீமிங்கா, ஜைத்தானா, பைப்ஸா?

பெரிய டேட்டாவைப் பல கணினிகளில் பிரித்து அலசும் ஹடூப், ஜாவாவில் எழுதப்பட்டது. ஆனால் மேப்ரெட்யூஸ் வேலையை (மேப்பர் ஒவ்வொரு வரியிலிருந்தும் கீ-வேல்யூ ஜோடிகளை எடுக்கும், ரெட்யூசர் ஒரே கீ உள்ளவற்றைச் சேர்த்துக் கணக்கிடும்) வேறு மொழியில் எழுத அதில் வழி உண்டு. லாக் கோப்புகளை அலசும் வேலைக்கு எங்கள் குழு எடுத்தது ஸ்ட்ரீமிங்; அதாவது, எந்த மொழி ஸ்கிரிப்டையும் தனி ப்ராசஸாக ஓட்டி, ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட் வழியாக டேட்டாவைக் கொடுத்து வாங்கும் வழி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். வேகத்தில் ஜாவாதான் முந்தும், அதில் விவாதமே இல்லை. நான் பார்ப்பது பராமரிப்பை.

ஜைத்தான், பைத்தான் நிரலை ஜேவிஎம்முக்குள்ளேயே (ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருள்) ஓட்டும். ஹடூப்பின் ஜாவா கிளாஸ்களை நேரடியாகக் கூப்பிடலாம், அது பெரிய வசதி. ஆனால் அது பைத்தான் 2.7-ஐத் தாண்டவில்லை. பைத்தான் 2-க்கான ஆதரவோ 2020 ஜனவரி 1-ல் முடிந்துவிட்டது. சி மொழியை நம்பியிருக்கும், எண் கணக்குக்கான நம்பை போன்ற நூலகங்களும் அதில் ஓடாது. எனக்கு அதோடு பேச்சு முடிந்தது.

பைப்ஸ் என்பது சி++ எழுதுபவர்களுக்கானது. தனி ப்ராசஸாக ஓடி, சாக்கெட் வழியாக ஹடூப்போடு பேசும். இதைச் சின்னச் சோதனை அளவில்தான் தொட்டிருக்கிறேன், அதனால் அழுத்தி எதுவும் சொல்லமாட்டேன். ஒவ்வொரு கிளஸ்டருக்கும் (ஹடூப் ஓடும் கணினிக் கூட்டம்) கம்பைல் செய்து, லைப்ரரி பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலை மட்டும் நிச்சயம் உண்டு.

ஸ்ட்ரீமிங்கில் ஒப்பந்தம் ரொம்பச் சின்னது. உள்ளே வரிகள் வரும், வெளியே வரிகள் போகும். வரியில் முதல் டேப் வரை கீ, மிச்சம் வேல்யூ. ஹடூப் பதிப்பு மாறினாலும் ஸ்கிரிப்டைத் தொட வேண்டியதில்லை, ஏனென்றால் அதற்கு ஹடூப் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மாதிரிக் கோப்பு ஒன்றை எடுத்து மேப்பர், சார்ட், ரெட்யூசர் என்று ஷெல்லில் பைப் போட்டால், கிளஸ்டரே இல்லாமல் லேப்டாப்பில் முழு வேலையையும் ஓட்டிப் பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்கூட அன்றைக்கே ஒரு பிழையைத் திருத்திவிட முடியும்.

தொல்லைகளும் உண்டு. ஜாவாவில் ஒரு கீயின் வேல்யூக்கள் சேர்ந்தே கைக்கு வரும். இங்கே வரிசைப்படுத்திய வரிகள்தான் வரும், கீ மாறும் இடத்தை நாமே கவனிக்க வேண்டும். லூப் முடிந்ததும் கடைசிக் கீயின் கூட்டுத்தொகையை எழுதாமல் விட்டால், அந்த ஒரு கீ சத்தமில்லாமல் காணாமல் போகும்; எந்த எர்ரரும் வராது. அப்புறம், சோதனைக்காகப் போட்ட ஒரு பிரிண்ட் வரியும் விடையோடு கலந்துவிடும். அதையெல்லாம் ஸ்டாண்டர்ட் எர்ரருக்கு அனுப்ப வேண்டும். வேலை ஓடும்போது எண்ணிக்கை காட்டும் கவுண்ட்டரைக் கூட்டுவதும் அந்த வழியாகத்தான். டேட்டாவுக்குள்ளேயே டேப் இருந்தால் முதலிலேயே சுத்தம் செய்துகொள்வது நல்லது. கிளஸ்டரின் எல்லா நோடுகளிலும் (கணினிகளிலும்) ஒரே பைத்தான் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு வரிக்கு மிகக் குறைந்த கணக்கே செய்யும் வேலைகளில், டேட்டா ஜாவாவிலிருந்து பைத்தானுக்குப் போய்த் திரும்பும் செலவே மேலோங்கி நிற்கும். அத்தகைய வேலை என்றால் ஜாவாவிலேயே எழுதிவிடுங்கள்.

மேப்ரெட்யூஸுக்கு மாற்றான ஸ்பார்க்குக்குப் போய்விட்டவர்களுக்குக் கணக்கு வேறு. 2.3 பதிப்பிலிருந்து அங்கே பாண்டாஸ் யுடிஎஃப் (பாண்டாஸ் நூலகத்தைக் கொண்டு நாமே எழுதும் ஃபங்ஷன்) இருக்கிறது. டேட்டா ஆரோ என்ற நெடுவரிசை வடிவில், இயல்பு அமைப்பை மாற்றாமல் விட்டால் 10,000 வரிசைகள் வரை ஒரே கட்டாகப் போகும் என்பதால் வரிக்கு வரி ஆகும் செலவு குறைகிறது. ஆனால் டிரைவரிலும் (வேலையை நடத்தும் ப்ராசஸ்) வொர்க்கரிலும் (கணக்கைச் செய்யும் கணினி) பைத்தான் பதிப்பு ஒத்துப்போக வேண்டும்; ஒன்றில் 3.8, இன்னொன்றில் 3.9 என்றால் வேலை ஓடாது.