போஸ்ட்ஃபிக்ஸ் பவுன்ஸ் டெம்ப்ளேட்டைத் தமிழாக்கி ஓட்டிய அனுபவம்

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள், மெயில் போய்ச் சேராதபோது அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பும் பவுன்ஸ் மெயிலின் வாசகத்தைத் தமிழில் மாற்றி வைத்தால் பிரயோஜனம் உண்டா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இப்போதுதான் தன் கம்பெனிக்குச் சொந்தமாக மெயில் சர்வர் போட்டிருக்கிறார். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன், அங்கே இது சில வருஷமாக ஓடுகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் போடுவது எப்படி என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

மாற்றிய காரணம் எளிது. போஸ்ட்ஃபிக்ஸோடு வரும் ஆங்கில வாசகம் மரியாதையானதுதான்: உங்கள் மெயிலை ஒருவருக்கோ பலருக்கோ சேர்க்க முடியவில்லை, வருந்துகிறேன், உதவி வேண்டுமானால் போஸ்ட்மாஸ்டருக்கு (மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு) எழுதுங்கள் என்கிறது. ஆனால் அனுப்பியவர் முகவரி மெய்லர்-டீமன் என்று இருக்கிறது, ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர்களில் பாதிப் பேர் அதை வைரஸ் என்று நினைத்து அழிப்பார்கள், மீதிப் பேர் படிக்காமலேயே "அண்ணா, சர்வர் டவுனா?" என்று போன் செய்வார்கள். அட்ரஸில் ஒரு எழுத்து தவறியிருக்கும், அவ்வளவுதான். அதற்கிடையில் பையர் சாம்பிள் அப்ரூவலுக்குக் காத்திருப்பார்.

வாசகத்தை மாற்றும் வசதி போஸ்ட்ஃபிக்ஸில் 2006இல் வந்த 2.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. மெயின் கான்ஃபிக் கோப்பில் பவுன்ஸ் டெம்ப்ளேட் ஃபைல் என்ற அமைப்புக்கு ஒரு கோப்பின் பாதையைக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பில் 4 டெம்ப்ளேட் (வாசக மாதிரி): மெயில் போகாவிட்டால் ஒன்று, தாமதமானால் ஒன்று, சேர்ந்ததும் சொல்ல ஒன்று, முகவரி சோதனைக்கு ஒன்று. கூடவே வரும் மாதிரிக் கோப்பை நகலெடுத்துத் திருத்தினால் போதும். போஸ்ட்கான்ஃப் கட்டளையில் மைனஸ் பி போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், மாறிகளுக்கெல்லாம் (சர்வர் தானே நிரப்பும் இடங்களுக்கெல்லாம்) நிஜ மதிப்பு நிரம்பி, போகப்போகும் வாசகத்தை அப்படியே காட்டும். ஒரு மெயிலைக்கூட வேண்டுமென்றே பவுன்ஸ் ஆக்காமல் பார்த்துக்கொள்ளலாம். இந்த முன்னோட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

தமிழில் எழுத, டெம்ப்ளேட்டில் இருக்கும் கேரக்டர் செட் வரியை யுடிஎஃப்-8 (தமிழையும் எழுதக்கூடிய குறியாக்கம்) ஆக்க வேண்டும். அதை மாற்றாமல் உள்ளே தமிழ் எழுதினால் போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு, நம் டெம்ப்ளேட்டை ஒதுக்கிவிட்டுத் தன் சொந்த ஆங்கில வாசகத்தையே அனுப்பும். நம் கோப்பில் கோளாறு என்பதற்காக மெயில் வேலை நிற்காது. வீட்ஸே வெனிமா எழுதிய மென்பொருளில் இந்த மாதிரியான நிதானம் எல்லா இடத்திலும் தெரியும், அதற்காகவே நான் வேறு எதற்கும் மாறவில்லை.

சப்ஜெக்ட் வரிதான் படுத்தியது. சப்ஜெக்ட், அனுப்புநர் போன்ற தலைப்பு வரிகளில் ஆஸ்கி எழுத்துகள் (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மட்டும்தான் வரலாம், மாறிகள் வேலை செய்யாது, ஒரே வரியில் முடிய வேண்டும். ஆகவே தமிழ் சப்ஜெக்டை பேஸ்64 (எதையும் ஆஸ்கி எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை) ஆக்கி, முன்னும் பின்னும் குறிகள் வைக்கும் மெயில் தலைப்புகளுக்கான உறைக்குள் வைக்க வேண்டும். ஒரு உறை 75 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. "மெயில் போகவில்லை" என்று எழுதினால் யுடிஎஃப்-8இல் 46 பைட், பேஸ்64இல் 64 எழுத்து, உறையின் முன்னும் பின்னும் 12 சேர்ந்து 76. ஒரே ஒரு எழுத்து அதிகம்! சில மெயில் செயலிகள் இதைப் பொறுத்துக்கொண்டு சரியாகக் காட்டும், சில கண்டபடி காட்டும். சரி என்று இரண்டு உறையாகப் பிரித்தால், அடுத்தடுத்த உறைகளுக்கு நடுவில் வரும் இடைவெளி படிப்பவருக்குத் தெரியாது என்பது இன்னொரு விதி, அதனால் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொள்ளும். இடைவெளியை முதல் உறைக்குள்ளேயே, "மெயில்" என்பதற்குப் பின்னால் சேர்த்து பேஸ்64 ஆக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் அப்புறம் தலைவலி இல்லை. அனுப்புநர் முகவரியை மட்டும் மெய்லர்-டீமன் என்றே விட்டுவிடுங்கள், பெயரைத் தமிழாக்கினால் போதும், ஏனென்றால் தானியங்கிப் பதில் அனுப்பும் மென்பொருள்கள் அந்த முகவரியைப் பார்த்தும் ஒதுங்கிக்கொள்கின்றன.

இன்னொன்று, தமிழில் மட்டும் எழுதிவிடாதீர்கள். பவுன்ஸ் நம் ஆட்களுக்கு மட்டும்தான் போகும் என்று நினைக்கத் தோன்றும். வெளிநாட்டு பையர் நமக்கு அனுப்பிய மெயிலை நம் சர்வர் வாங்கிக்கொண்ட பிறகு, நம் பெட்டி நிரம்பி உள்ளே போட முடியாமல் போனால், அந்த பவுன்ஸ் அவருக்குத்தான் போகும். எந்த மொழியில் அனுப்புவது என்று அனுப்புநரைப் பார்த்து முடிவு செய்யும் வழி இந்தக் கோப்பில் இல்லை. மேலே தமிழில் 4 வரி, கீழே ஆங்கிலத்தில் 4 வரி என்று வைத்திருக்கிறேன். அதே காரணத்துக்காக யாருடைய செல்போன் எண்ணையும் அதில் போடவில்லை. போலி அனுப்புநர் முகவரியோடு வரும் ஸ்பேமுக்கு பவுன்ஸ் போனால் அந்த எண் யார் யாருக்கோ போகும்.

எதிர்பாராமல் கிடைத்த நன்மை தாமத டெம்ப்ளேட். போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க 5 நாள் வரை முயற்சி செய்யும், அது வரைக்கும் அனுப்பியவருக்கு எதுவும் சொல்லாது, ஏனென்றால் தாமத எச்சரிக்கை இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. டொமைன் பெயரில் ஒரு எழுத்து மாறி, அந்தப் பெயரில் எங்கோ ஒரு சர்வர் இருந்து, அது பதிலே தராமல் இருந்தால், மெயில் கியூவில் (காத்திருப்பு வரிசையில்) கிடந்து 5 நாள் கழித்துத்தான் திரும்பி வரும். ஏற்றுமதியில் 5 நாள் என்றால் கப்பல் போயிருக்கும். எச்சரிக்கையை 2 மணி நேரத்துக்கு வைத்து, "உங்கள் மெயில் இன்னும் போகவில்லை, சர்வர் தொடர்ந்து முயன்றுகொண்டிருக்கிறது, திரும்ப அனுப்ப வேண்டாம், கீழே உள்ள அட்ரஸை ஒருமுறை சரிபாருங்கள், அவசரமென்றால் பையருக்கு போன் செய்யுங்கள்" என்று எழுதினேன். எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்பதைக் கான்ஃபிக் கோப்பிலிருந்து தானாகவே நிரப்ப மாறிகள் இருப்பதால், நாளை அமைப்பை மாற்றினாலும் வாசகம் பொய்யாகாது. ஆங்கிலத்திலும் திரும்ப அனுப்ப வேண்டாம் என்று பெரிய எழுத்தில் இருக்கத்தான் செய்தது, யாரும் படிக்கவில்லை, ஒரே மெயிலை விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். தமிழில் வந்ததும் அது நின்றது. பேக்கிங் செக்‌ஷனில் இருக்கும் ஒரு அக்கா தானே அட்ரஸைப் பார்த்துத் திருத்தி அனுப்பிவிட்டு எனக்குத் தகவல் மட்டும் சொன்னார். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

இனி கோபத்துக்கு வருகிறேன். மெயில் போகாததற்கான டெம்ப்ளேட் ஒன்றே ஒன்றுதான். முகவரியே இல்லை என்றாலும், பெட்டி நிரம்பியிருந்தாலும், அட்டாச்மென்ட் பெரிதாக இருந்தாலும், நம் ஐபி எண்ணை எதிர் சர்வர் தடுத்திருந்தாலும், அதே வாசகம்தான். இத்தனைக்கும் எதிர் சர்வரின் பதிலில் குறியீடு தெளிவாக இருக்கிறது: 5.1.1 என்றால் அப்படி ஒரு பெட்டி இல்லை, 5.2.2 என்றால் பெட்டி நிறைந்துவிட்டது, 5.3.4 என்றால் மெயில் அளவுக்கு மீறிப் பெரியது. இந்தக் குறியீடுகளுக்குத் தனி ஆவணமே உண்டு, ஆர்எஃப்சி 3463. போஸ்ட்ஃபிக்ஸ் அதைப் படிக்கிறது, தன் அறிக்கையில் எழுதவும் செய்கிறது, ஆனால் அதை வைத்து வாசகத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் விடுவதில்லை. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் குறியீட்டுக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதி வைக்கலாம். இங்கே நான் எழுதும் பொதுவான முன்னுரைக்குக் கீழேதான் நிஜக் காரணம் வரும், எதிர் சர்வர் சொன்ன ஆங்கில வரி, எண்களோடு. அதுதான் ஒருவர் படிக்க வேண்டிய ஒரே வரி, அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

போன வாரம்கூட ஒரு டெக் பேக் (ஆடையின் வடிவ, அளவு விவரக் கோப்பு), 30 எம்பிக்கு மேல், பையரின் சர்வர் பெரியது என்று சொல்லித் திருப்பிவிட்டது. எங்கள் தமிழ் வாசகம் அட்ரஸைச் சரிபார்க்கச் சொன்னது, பையனும் சரிபார்த்தான், சரியாக இருந்தது, மறுபடி அனுப்பினான், மறுபடி திரும்பியது, சாயங்காலம் வரை இதே கதை. காரணம் 5.3.4 என்று அந்த மெயிலிலேயே இருந்தது. நல்ல தமிழில் எழுதிய தவறான ஆலோசனை, புரியாத ஆங்கிலத்தைவிட மோசமாக வேலை செய்தது. இப்போது அட்ரஸ், அளவு, பெட்டி நிரம்பியது, மூன்றையும் எண்ணோடு சேர்த்து வாசகத்தில் எழுதி, "கீழே எந்த எண் இருக்கிறது பாருங்கள்" என்று போட்டிருக்கிறேன். வாசகம் நீண்டுவிட்டது, நீண்டால் படிப்பதில்லை.

நியாயமாகப் பார்த்தால் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரே மெயில் 6 பேருக்குப் போகிறது, ஒருவர் முகவரி இல்லை, இன்னொருவர் பெட்டி நிரம்பியிருக்கிறது, இரண்டும் ஒரே பவுன்ஸில் வருகின்றன. எந்தக் காரணத்துக்கான டெம்ப்ளேட்டைப் போடுவது? பவுன்ஸ் அனுப்பும் டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) யோசிக்காமல் இருப்பதால்தான் அது உடையாமல் இருக்கிறது என்பதும் உண்மை. 3.0 பதிப்பிலிருந்து டெலிவரி ஸ்டேட்டஸ் ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறது, எதிர் சர்வரின் விளக்க வரியைக் குறியீட்டைப் பார்த்து மாற்றலாம். ஆனால் மனிதர் படிக்கும் பகுதியில் எதிர் சர்வர் நிஜமாகச் சொன்னது போய்விடும், நாளைக்கு ஐபி தடுப்பை விசாரிக்கும்போது அந்த வரிதான் எனக்கு வேண்டும், அதனால் தொடவில்லை. என்றாலும் 2006இலிருந்து இந்த வசதி ஒரு அடிகூட முன்னே போகவில்லை என்பதை நினைத்தால் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் போகும் மெயில்களுக்காவது குறியீட்டுக்கு ஒரு டெம்ப்ளேட் கொடுத்திருக்கலாம், எங்கள் பவுன்ஸ்களில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

எனவே நண்பருக்கு என் பதில்: தாமத எச்சரிக்கையை இன்றைக்கே போடுங்கள், அந்த டெம்ப்ளேட்டைத் தமிழில் எழுதுங்கள். தோல்வி டெம்ப்ளேட்டில் ரொம்பக் கை வைக்காதீர்கள். சப்ஜெக்டையும் அனுப்புநர் பெயரையும் மட்டும் தமிழாக்கிவிட்டு, உள்ளே 2 வரிக்கு மேல் எழுதாதீர்கள். அதில் மிச்சமாகும் நேரத்தில் 5.1.1, 5.2.2, 5.3.4 மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று போட்டு, மெர்ச்சண்டைசர் மேஜைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். நான் அதைத்தான் இந்த வாரம் செய்யப்போகிறேன்.