ஷாங்காயில் சுங் சிங்லிங்: ஒரு வீடு மட்டும் பார்த்தால் போதாது

சீனக் குடியரசை நிறுவிய சன் யாட்-செனின் மனைவி சுங் சிங்லிங்கின் நினைவில்லத்தை ஷாங்காயில் தேடினால் ஹுவாய்ஹாய் மத்தியச் சாலை 1843ஆம் எண் வீடுதான் முதலில் வரும். பெரும்பாலோர் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வீடு அழகானது, பராமரிப்பிலும் குறையில்லை. ஆனால் அங்கே நம் கண்ணில் படுபவர் 1949க்குப் பிறகு கம்யூனிஸ்ட் அரசின் துணைத் தலைவராக இருந்த பெரிய அம்மையார்தான். கணவர் தொடங்கிய குவோமின்டாங் கட்சியையே எதிர்த்து நின்ற பெண்ணை, போர்க்காலத்தில் மருந்தும் பணமும் திரட்டிய பெண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மூன்று இடங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். மூன்றும் மெட்ரோ 10ஆம் பாதையிலேயே இருக்கின்றன.

முதலில் சியாங்ஷான் சாலை 7ஆம் எண். பலகையில் சன் யாட்-சென் பெயர்தான் இருக்கும். பலர் இதைத் தவறவிடுவதற்கு அதுவே காரணம். சின்தியாந்தி நிலையத்தில் இறங்கி ஃபூசிங் பூங்கா பக்கமாக நடந்தால் வந்துவிடும். கனடாவில் வாழ்ந்த சீனர்கள் சன்னுக்கு வாங்கிக் கொடுத்த வீடு இது. 1918இல் இருவரும் குடிவந்தார்கள். 1925 மார்ச்சில் சன் இறந்த பிறகும் 1937 வரை சிங்லிங்கின் ஷாங்காய் வீடு இதுதான். நுழைவுக் கட்டணம் 20 யுவான்.

காட்சிப் பொருள்களில் பெரும்பகுதி சன்னைப் பற்றியதே. அதனால் 1927க்குப் பிந்தைய பத்தாண்டுகளை நாமே மனத்தில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரலில், கட்சியின் படைத்தலைவர் சியாங் கை-ஷேக் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடத் தொடங்கினார். சன்னின் கொள்கையைக் கட்சி கைவிட்டுவிட்டது என்று ஜூலையில் அறிக்கை விட்டுவிட்டு சிங்லிங் மாஸ்கோ போனார். அதே ஆண்டு டிசம்பரில் தங்கை மெய்லிங், சியாங்கை மணந்தார். குடும்பமே ஆட்சியாளர் பக்கம். இவர் மட்டும் எதிர்ப்பக்கம். இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் அந்த வரவேற்பறை வெறும் பழைய நாற்காலிகளாகத்தான் தெரியும்.

புல்தரையில் கொஞ்சம் நின்று பாருங்கள். 1933 பிப்ரவரி 17 அன்று நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா இங்கே மதிய உணவுக்கு வந்தார். எழுத்தாளர்கள் லூ சுன், லின் யூதாங், கல்வியாளர் ட்சாய் யுவான்பெய், அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் ஆக்னஸ் ஸ்மெட்லி, ஹரால்ட் ஐசக்ஸ் ஆகியோருடன் தோட்டத்தில் எடுத்த படம் புகழ்பெற்றது. பிற்கால அரசியலுக்கு ஒத்துவராத லின்னையும் ஐசக்ஸையும் அழித்துவிட்டு அந்தப் படத்தைச் சீனாவில் அச்சிட்ட காலமும் உண்டு. சிங்லிங் வாழ்க்கை பற்றிய எந்தப் படத்தைப் பார்த்தாலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. அந்த விருந்து நடந்து நான்கு மாதங்களில், சிங்லிங்கோடு சேர்ந்து குடிமக்கள் உரிமைப் பாதுகாப்புக் கழகத்தை நடத்திய யாங் சிங்ஃபோவை இதே நகரத்தில் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். சிங்லிங் ஒதுங்கவில்லை. ஜப்பானை எதிர்க்கக் குரல் கொடுத்ததற்காகத் தலைவர்கள் ஏழு பேரைச் சியாங் அரசு சிறையில் அடைத்தபோது, 1937 ஜூலையில் படுக்கையும் பெட்டியுமாக சூச்சோ நீதிமன்றத்துக்குப் போய், "நாட்டுப்பற்று குற்றமென்றால் எங்களையும் அடையுங்கள்" என்று கேட்டவர்களில் அவரும் ஒருவர்.

அடுத்து, ஜியாவ்தோங் பல்கலைக்கழக நிலையத்தில் இறங்கி 1843ஆம் எண் வீடு. இங்கும் 20 யுவான். 1920இல் ஒரு கிரேக்கக் கப்பல் முதலாளி கட்டியது. கப்பல் போன்ற வடிவம், பின்னால் முதிர்ந்த கற்பூர மரங்கள். சிங்லிங் 1949இல் குடியேறினார். நேரே வீட்டுக்குள் போகாமல் ஆவணக் கூடத்தை முதலில் பார்ப்பது நல்லது. 1915 அக்டோபரில் டோக்கியோவில் நடந்த திருமணத்தின் ஒப்பந்தத்தில் தேதியைக் கவனியுங்கள். திருமணம் 25ஆம் தேதி. ஒப்பந்தத்தில் 26 என்று இருக்கும். இரட்டைப்படை நாள் மங்கலம் என்ற நம்பிக்கை. மாடியில் அவருடைய அறையோடு, உதவியாளர் லி யான்யேயின் அறையும் இருக்கிறது. அதைத் தாண்டி விரைந்து போய்விடாதீர்கள். கார் கொட்டகையில் இரண்டு கார்கள்: ஸ்டாலின் அளித்த சோவியத் தயாரிப்பான ஜிம், சீனத் தயாரிப்பான ஹோங்சி. கூட்டம் சேர்வது அங்கேதான். எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

போர்க்காலப் பணி இரண்டு வீடுகளிலும் முழுதாக விளங்காது. அது நடந்த இடம் வேறு என்பதே காரணம். 1938 ஜூனில் ஹாங்காங்கில் சீனப் பாதுகாப்புக் கழகத்தைத் தொடங்கினார். வெளிநாட்டுப் பணத்தையும் மருந்தையும், அரசு கைவிட்ட கம்யூனிஸ்ட் பகுதி மருத்துவமனைகளுக்கும் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. அந்த ஆண்டு இந்தியக் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களை (கோட்னிஸும் அவர்களில் ஒருவர்) குவாங்சோவில் வரவேற்றவர்களில் இவரும் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பான் தாக்கியதும் ஹாங்காங்கிலிருந்து சீனாவின் போர்க்காலத் தலைநகரான சோங்சிங்குக்குத் தப்பி, அடுத்த ஆண்டு கழகத்தை அங்கே மீண்டும் தொடங்கினார். வாழ்க்கையின் அந்தக் கட்டத்துக்காகத் தனிப் பயணம் போகிறவர்கள் சோங்சிங்கில் அவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்கலாம்.

கடைசியாக, சோங்யுவான் சாலை நிலையத்துக்கு அருகில் உள்ள கல்லறை. கட்டணம் இல்லை. நடுவில் பெற்றோர்; ஒரு பக்கம் சிங்லிங், மறுபக்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் கூடவே இருந்த லி யான்யே. இருவருக்கும் ஒரே அளவு கல். நாட்டின் கௌரவத் தலைவருக்கும் வீட்டு உதவியாளருக்கும் இப்படி அமைந்தது சிங்லிங்கே கேட்டுக்கொண்டதால். பெற்றோரின் கல்லறையைக் கலாச்சாரப் புரட்சியில் செங்காவலர்கள் (மாவோ ஆதரவு இளைஞர் படையினர்) உடைத்தார்கள். இன்று இருப்பது பிறகு சீரமைத்தது. அதே வளாகத்தில் வெளிநாட்டவர் பகுதியில் லூ சுன்னின் நண்பரான ஜப்பானியப் புத்தகக் கடைக்காரர் உச்சியாமா கான்சோவும் இருக்கிறார்.

கையில் பாஸ்போர்ட் இருக்கட்டும். முகவரியைச் சீன எழுத்தில் காட்டுங்கள், சாலை எண்ணோடு. பெய்ஜிங்கிலும் இதே பெயரில் ஒரு நினைவில்லம் இருப்பதால் தேடலில் இடம் மாறிப்போகும். அது ஹௌஹாய் வடகரை 46, பழைய இளவரசர் மாளிகைத் தோட்டம். 1963 முதல் 1981இல் இறக்கும் வரை அவர் வாழ்ந்த இடம். இரண்டு நகரங்களுக்கும் போகிறவர்கள் ஷாங்காயை முதலில் வைத்துக்கொண்டால் வரலாறு வரிசையாக விளங்கும்.