சாளைக் கூறும் பத்துக் கட்டமும்: ஒரு மழலையர் பாடப் பெட்டியைப் பயன்படுத்திப் பார்த்ததில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மழலையர் பள்ளி நடத்துகிறேன். மூன்று முதல் ஐந்து வயது வரை 19 பிள்ளைகள், நான், உதவிக்கு ஒரு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து அடுத்த வாரப் பாடத்தை எழுதி முடிப்பதற்குள் கண் சொருகிவிடும். அந்த வேலை குறையட்டும் என்று போன மே மாதம் ஆன்லைனில் 1,950 ரூபாய்க்கு ஒரு பாடத்திட்டப் பெட்டி வாங்கினேன். 30 வாரத்துக்கான திட்டப் புத்தகம், பட அட்டைகள், எண்ணுவதற்கு 100 மணிகள், பத்துக் கட்டப் பலகை, பொம்மைக் காசு, ஒரு சின்னத் தராசு. வருஷம் முழுக்கப் பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே மாதிரிப் பெட்டிகள் நிறைய விற்கின்றன, எதை வாங்கினாலும் பார்க்க வேண்டியவை இவைதான்.

கணக்குப் பகுதி அருமை. "இருபது வரைக்கும் சொல்லுவான் டீச்சர்" என்று பெருமையாகப் பிள்ளையைச் சேர்க்க வருவார்கள். ஐந்து சிப்பியை முன்னால் வைத்தால் அவனும் சரியாக எண்ணுவான். "சரி, எத்தனை இருக்கு?" என்று கேட்டால் மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்குவான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. இதைப் புரிந்துகொண்டு எழுதிய புத்தகம் இது. முதல் ஆறு வாரம் ஐந்தைத் தாண்டவே இல்லை. தொட்டு எண்ணு, எண்ணியதை நகர்த்தி வை, எத்தனை என்று கேள். பிறகு அதே ஐந்தைத் தள்ளித் தள்ளிப் பரப்பி வைத்துவிட்டு மறுபடி கேள். பரப்பியதும் "இப்போ கூடிப்போச்சு" என்று சத்தியம் செய்வார்கள். திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துத் தாங்களாகவே மாற்றிக்கொள்ள வேண்டும், நாம் சொல்லிக் கொடுத்து ஆவதில்லை.

பத்துக் கட்டப் பலகையும் அப்படித்தான். மேலே ஐந்து, கீழே ஐந்து. நிரம்பியதும் ஒன்று வெளியே வைத்தால் பதினொன்று. பத்தும் ஒன்றும் என்று தமிழ்ச் சொல்லே காட்டிக் கொடுத்துவிடுகிறது, 'இலெவன்' என்ற சொல்லில் அது தெரியாது. ஆங்கிலத்தில்தான் எண்ண வேண்டும் என்று கேட்ட பெற்றோரை வரவழைத்து, இந்தப் பலகையை வைத்துத்தான் விளக்கினேன்.

பாவனை விளையாட்டில்தான் நான் நிறைய மாற்ற வேண்டியிருந்தது. கடை வைக்கக் கொடுத்திருந்த அட்டைகளில் பீட்சா, பர்கர், டோனட். பிள்ளைகள் இரண்டு நாள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் காலண்டர் அட்டையில் சாளை மீன் வெட்டிப் போட்டேன், தட்டுக்குச் சிரட்டை. மீன் விற்கும் அம்மாவின் மகள் ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்து, நாலு நாலாகக் கூறு போட ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, கூட ரெண்டு போடுங்க" என்று ஒருவன் கேட்க, "கட்டுப்படி ஆகாது மக்களே" என்று சொல்லிக்கொண்டே ஒன்று மட்டும் போட்டாள். நாலும் ஒன்றும் ஐந்து. எண் அட்டையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு பையன் அன்றைக்கு நாலு கூறு வாங்கி, வாங்கினது சரியா என்று பதினாறு மீனையும் எண்ணிப் பார்த்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பஸ். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஒரு குட்டிக் கண்டக்டர் கத்த, டிக்கெட் கிழித்ததிலேயே ஒரு வாரக் கணக்கு ஓடிவிட்டது. புத்தகத்தில் பாவனை விளையாட்டுக்கு வாரம் ஒரே நாள், 20 நிமிஷம். நான் தினமும் முக்கால் மணி நேரம் விட்டேன்.

பாதுகாப்புப் பகுதிதான் மனசுக்குக் கஷ்டம். தொடுதல் பற்றிய பாடத்தைப் பொம்மையை வைத்துப் பயமுறுத்தாமல் சொல்லியிருக்கிறார்கள், குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணும் இருக்கிறது. அது நன்று. ஆனால் மீதியெல்லாம் சிக்னலும் லிப்ட்டும். தண்ணீர் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை. குளமும் சானலும் (பாசனக் கால்வாய்) இல்லாத ஊர் நம் மாவட்டத்தில் எத்தனை? என் பிள்ளைகளில் ஏழு பேர் சானல் கரை வழியாகத்தான் வருகிறார்கள். நானே ஒரு பாடம் எழுதினேன். நீலச் சேலையை விரித்துச் சானல், அதில் ஒரு பொம்மை. கை நீட்டக் கூடாது, இறங்கக் கூடாது, கத்திக்கொண்டே ஓடிப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். நடித்து நடித்துத்தான் அது உடம்பில் ஏறும். 2004 டிசம்பர் 26 அன்று கொளச்சலிலும் மணக்குடியிலும் சுனாமி அடித்ததைப் பார்த்த தலைமுறை நாம். கடல் திடீரென்று உள்ளே போனால் வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

இன்னொன்று. ஜூன் மாதம் முழுக்க வெளியே மணல் விளையாட்டு போட்டிருக்கிறார்கள். இங்கே பள்ளி திறக்கும்போதே தென்மேற்கு மழையும் வந்துவிடும். அந்த நாலு வாரத்தை ஜனவரிக்குத் தள்ளினேன்.

அப்புறம் அந்த மணிகள். பட்டாணி அளவுதான் இருக்கும். பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். வந்த இரண்டாம் நாளே ஒரு பிள்ளை மணியை மூக்கில் வைத்துப் பார்த்ததை உதவி டீச்சர் கண்டு பிடுங்கினார். போன் செய்தேன், பெரிய மணி அனுப்புகிறோம் என்றார்கள், வருஷம் முடிந்தும் வரவில்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டு, முட்டத்தில் இருந்து உள்ளங்கை அளவுச் சிப்பிகள் கொண்டுவரச் சொல்லி, விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தேன்.

திட்டப் புத்தகமும் பத்துக் கட்டப் பலகையும் தனியாகக் கிடைத்தால் அவற்றை மட்டும் வாங்குங்கள். முழுப் பெட்டியாகத்தான் கிடைக்கும் என்றால், பிரித்தவுடன் மணிப் பொட்டலத்தைப் பிள்ளைகள் பார்ப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.