விந்தையான கேம் கன்ட்ரோலர்கள்: கிளிநொச்சி வீடொன்றில் நெடுநாள் புழங்கிய பிறகு

வழக்கத்துக்கு மாறான கன்ட்ரோலரை முதல் வாரத்தில் எடைபோடவே கூடாது. முதல் வாரத்தில் எதுவுமே அதிசயம்தான். ஆண்டுகள் கழிந்தும் அதை யாராவது தேடி எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டு உறவினர்கள் அனுப்பிய சிலவற்றை எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்துவிட்டேன்.

2006இல் வெளியான நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியின் ரிமோட்டை, பொத்தான்களைக் கண்டாலே ஒதுங்கும் அம்மாவும் கையில் எடுத்தார். கையை வீசினால் திரையில் பந்து உருள்கிறது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தொலைக்காட்சிக்கு மேலே வைக்கும் பட்டை அகச்சிவப்பு ஒளியை உமிழ்வது மட்டுமே. அதைப் பார்க்கும் கமெரா ரிமோட்டுக்குள் இருக்கிறது. வெயிலிலும் அதே ஒளி இருப்பதால் மேற்கு யன்னலால் வெயில் விழும் பின்னேரங்களில் சுட்டி திரையெங்கும் அலையும். திரைச்சீலை போட்டதும் சரியாயிற்று. ஆனால் முழுக் கையையும் வீசத் தேவையில்லை, மணிக்கட்டை அசைத்தாலே போதும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்த பிறகு அவர்களுக்கு அது இன்னொரு பொத்தானாகிவிட்டது. அம்மாவுக்கு ஆகவில்லை. அவருக்காகவே அதைப் புதுமை என்பேன்.

கையில் எதையும் பிடிக்காமல், உடல் அசைவைக் கமெராவால் பார்த்தே விளையாட வைக்கும் கினெக்ட் 2010இல் வந்தது. ஒருவர் விளையாடவே ஏறத்தாழ 1.8 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். போருக்குப் பின் இங்கே கட்டிக்கொடுக்கப்பட்ட 550 சதுர அடி வீடுகளில் கூடம்தான் படுக்கையறை, அதுவே பிள்ளைகள் படிக்கும் இடம். விளையாடும்போதெல்லாம் கதிரைகளை விறாந்தைக்குத் தூக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? உற்பத்தி 2017இல் நின்றது.

அதற்காக, விந்தையாகத் தெரிவதெல்லாம் வெற்று வித்தை என்று தள்ளிவிட முடியாது. நின்டெண்டோ 64 கன்ட்ரோலரின் நடுவே 1996இல் முளைத்த, எந்தப் பக்கமும் சாய்த்து ஆடும் சிறு அனலொக் குச்சியும் அன்று விந்தைதான். இன்று அது இல்லாத கன்ட்ரோலர் அரிது. 1989இல் வந்த பவர் குளோவ் கையுறைக்கு அந்த வாழ்வு கிடைக்கவில்லை. அதற்கென்றே வெளிவந்தவை இரண்டே விளையாட்டுகள்.

நான் நெஞ்சாரப் பாராட்டுவது, உடல் இயலாமை உள்ளவர்களுக்கென்று செய்யப்பட்ட எக்ஸ்பொக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை. 2018இல், 99.99 டொலர் விலையில் வந்தது. மேலே இரண்டு பெரிய வட்டப் பொத்தான்கள், பின்னால் வெளிச் சுவிட்சுகளைச் செருக 3.5 மில்லிமீற்றர் துளைகள் 19, பக்கத்துக்கொரு யூஎஸ்பி துளை. என் அண்ணன் 2009இல் செல்வீச்சில் வலக்கையை முழங்கைக்குக் கீழே இழந்தவர். பிள்ளைகள் விளையாடுவதை அருகில் இருந்து பார்ப்பதோடு அவர் நின்றுவிடுவார். இப்போது இடக்கையில் யூஎஸ்பி ஜோய்ஸ்டிக், வலது முழங்கைக்குப் பெரிய பொத்தான்கள், காலடியில் ஒரு சுவிட்ச் என்று மடிக்கணினியில் கால்பந்து ஆடுகிறார். விட்டுக்கொடுக்காமல் ஆடும் பிள்ளைகளையே வெல்கிறார். புதுக்குடியிருப்பு, மாங்குளம், மல்லாவி என்று வன்னியில் எந்தப் பக்கம் போனாலும் அண்ணனைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கருவி வெறும் வேடிக்கைப் பொருள் அல்ல.

குறையும் உண்டு. ஜோய்ஸ்டிக்கும் சுவிட்சுகளும் பெட்டியில் வருவதில்லை; தனித்தனியாக வாங்கினால் கருவியின் விலையையே தாண்டிவிடும். இரண்டு, மூன்று பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தச் சொல்லும் விளையாட்டுகளில் அண்ணன் இன்னும் திணறுகிறார். பொத்தான்களை மாற்றியமைக்க இடம்தராத விளையாட்டுகளை நான் வாங்குவதையே விட்டுவிட்டேன்.

காலடிச் சுவிட்ச் எங்கள் ஊர்த் திருத்தகத்தில் செய்தது: வாசல் மணிக்குப் பூட்டும் சாதாரண சுவிட்ச், இரண்டு கம்பி, 3.5 மில்லிமீற்றர் மோனோ முள். செய்ய விரும்புவோர் மோனோ என்றே கேளுங்கள். அழுத்தும்போது இணைந்து, விட்டதும் பிரியும் சுவிட்சாக இருக்க வேண்டும். விளக்குச் சுவிட்ச் உதவாது. கம்பியைச் சற்று நீளமாக விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கால் இழுக்கும்போது முள் கழன்றுவிடும்.